கொலுசுக்குப் போக இருந்த நான்கு ரூபாய்

பழைய வெள்ளிக் காசு சேர்க்கிறவர்களில் பாதிப் பேர் கடையில் தொடங்குவதில்லை. வீட்டில்தான் தொடங்குகிறார்கள். பரணிலோ, தகரப் பெட்டியிலோ, ஆச்சியின் சுருக்குப் பையிலோ நாலைந்து காசு இருக்கும். யாராவது ஒரு நாள் அதை வெளியே எடுப்பார்கள். எடுக்கும் காரணம் பெரும்பாலும் ஒன்றே ஒன்றுதான். விற்பதற்கு!

பாளையங்கோட்டைப் பக்கம் ஒரு வீட்டில் 2025-ல் அப்படித்தான் நடந்தது. அக்காள் மகளுக்குக் காது குத்து. தாய்மாமன் செல்போன் சர்வீஸ் கடையில் வேலை பார்க்கிற பையன், இருபத்து நாலு வயது. மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்த வேண்டும், மாமன் சீர் கொண்டு போக வேண்டும், அதில் வெள்ளிக் கொலுசு கண்டிப்பாக இருக்க வேண்டும். அந்த வருடம் பார்த்து வெள்ளி கிலோ ஒரு லட்சத்தையும் தாண்டி எங்கேயோ போய்க்கொண்டிருந்தது. பையன் முழிப்பதைப் பார்த்து ஆச்சி உள்ளே போய் ஒரு மஞ்சள் துணி முடிச்சைக் கொண்டு வந்தாள்.

"எய்யா, இதை உருக்கிப் பிள்ளைக்குக் கொலுசு பண்ணிரு. நாலு வெள்ளி ரூவா கெடக்கு."

முடிச்சில் நாலு ரூபாய். ஒன்று விக்டோரியா மகாராணி படம் போட்டது, 1900. ஒன்று ஐந்தாம் ஜார்ஜ், 1918. ஒன்று ஆறாம் ஜார்ஜ், 1944. கடைசியில் ஒன்று, அதே ஆறாம் ஜார்ஜ், பின்னால் புலி நடந்து போகும், 1947. நாலும் ஒரே கிழவியின் துணியில் கிடந்ததால் நாலும் ஒரே மாதிரி வெள்ளி என்றுதான் வீட்டில் எல்லோருக்கும் நினைப்பு.

அன்று ராத்திரி பையன் செய்த முதல் காரியம், புதிதாக இதில் இறங்குகிற எல்லோரும் செய்கிற அதே தப்பு. நாலிலும் அழகாக இருந்த 1918-ஐ எடுத்து, பழைய பிரஷ்ஷில் பற்பசை வைத்துத் தேய்தேய் என்று தேய்த்தான். ராஜாவின் தாடி பளபளவென்று மின்னியது. வீடே பாராட்டியது. (வெள்ளி வேலை தெரிந்த ஆச்சி மட்டும், "விபூதி போட்டுத் தேய்ச்சிருந்தா இன்னும் நல்லாருக்கும்" என்றாள்.)

வெள்ளியின் மேல் படியும் கறுப்பு அழுக்கு அல்ல. காற்றில் இருக்கும் கந்தகத்தோடு வெள்ளி சேர்ந்து உண்டாகிற மெல்லிய படலம் அது. அதைத் தேய்த்து எடுக்கும்போது வெள்ளியும் கொஞ்சம் சேர்ந்து போகும், பரப்பு முழுக்க மயிரிழைக் கீறல் விழும். நாணயம் சேர்க்கிறவர்கள் விளக்கிய காசை ஒரு கண்ணில் பார்த்து மறு கண்ணில் கீழே வைத்துவிடுவார்கள். அழுக்கு மண் ஒட்டியிருந்தால் வெந்நீரில் போட்டு எடுத்து, தேய்க்காமல் ஒற்றி எடுப்பதோடு நிறுத்திக்கொள்வது உத்தமம். அதுகூட வேண்டியதில்லை என்பதுதான் பழகினவர்கள் கட்சி.

மறுநாள் நாலையும் கடைக்கு எடுத்துப் போனான். செல்போன் சர்வீஸ் செய்கிறவனிடம், நாணயம் சேர்ப்பவன் காசு கொடுத்து வாங்க வேண்டிய பாதிச் சாமான் ஏற்கெனவே இருக்கிறது. கண்ணில் மாட்டுகிற லென்ஸ், நல்ல வெளிச்சம், ஸ்பீக்கரில் இருந்து கழற்றிய காந்தம். பக்கத்துக் கவரிங் கடையில் கிராம் தராசு. மதியம் கூட்டம் இல்லாத நேரத்தில் காந்தத்தை வைத்துப் பார்த்தான். முதல் மூன்றும் அசையவில்லை. புலி ரூபாய் டக்கென்று போய் ஒட்டிக்கொண்டது!

போலி என்று நினைத்துவிட்டான் பாவம். போலி இல்லை. அது அரசாங்கமே அடித்த அசல் ரூபாய்தான், ஆனால் நிக்கல். இந்தக் காந்தம் ஒரு பக்கம்தான் சாட்சி சொல்லும் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். ஒட்டினால் வெள்ளி இல்லை என்பது நிச்சயம். ஒட்டாவிட்டால் வெள்ளி என்று அர்த்தம் இல்லை. ஜெர்மன் சில்வரும் ஒட்டாது, செம்பும் ஒட்டாது, ஈயமும் ஒட்டாது.

அடுத்தது எடை. இங்கேதான் விஷயம் சூடு பிடிக்கிறது. 1835-ல் கிழக்கிந்தியக் கம்பெனி தன் ஆட்சிப் பகுதி முழுவதற்கும் ஒரே ரூபாய் என்று சட்டம் போட்டபோது, ஒரு ரூபாயின் எடை 180 கிரெயின், அதில் சுத்த வெள்ளி 165 கிரெயின் என்று வைத்தது. இன்றைய கணக்கில் 11.66 கிராம் எடை, அதில் ஏறத்தாழ 10.7 கிராம் வெள்ளி. நூற்றுக்கு 91.7 பங்கு. இந்த 11.66 கிராம்தான் ஒரு தோலா. நம் பழைய வைத்தியக் குறிப்புகளில் 'ஒரு ரூபாய் எடை திப்பிலி' என்று வருகிறதே, அங்கே ரூபாய் என்பது விலை அல்ல, எடை. காசே படிக்கல்லாக இருந்த காலம் அது.

பையனின் 1918 ரூபாய் 11.6 காட்டியது. நல்லது. விக்டோரியா 11.8 காட்டியது. கைமாறிக் கைமாறித் தேய்ந்த காசு எடை குறைய வேண்டுமே தவிர எப்படிக் கூடும்? லென்ஸை மாட்டிக்கொண்டு விளிம்பைப் பார்த்தபோது காரணம் தெரிந்தது. மகாராணியின் தலைக்கு மேலே விளிம்பில் ஒரு சின்ன மேடு. எப்போதோ வளையம் பற்றவைத்து, பிறகு அதை அரத்தால் ராவி எடுத்த தழும்பு. பற்று இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. தமிழ்நாட்டில் கிடைக்கிற ராணி ரூபாய்களில் இந்தத் தழும்பு சகஜம். காசாக இருந்ததைவிட நகையாகக் கழுத்தில் தொங்கிய நாள் அதிகம். புதிதாக வாங்குகிறவர் படத்தைப் பார்ப்பதற்கு முன்னால் விளிம்பை ஒரு சுற்றுப் பார்த்துவிட வேண்டும். ஓட்டையை அடைத்து விற்கிறவர்களும் உண்டு.

1944 ரூபாய் எடையில் சரியாக இருந்தது. ஆனால் அதுதான் நாலில் பெரிய ஏமாற்றுக்காரன். எடை அதே 11.66 கிராம், வெள்ளியோ பாதிக்குப் பாதி. மீதி செம்பு, நிக்கல், துத்தநாகம். தராசு இதைக் கண்டுபிடிக்காது. விளிம்பு காட்டிக் கொடுக்கும். முழு வெள்ளிக் காசில் விளிம்பு வெறும் வரி வரியாக இருக்கும். 1940-க்குப் பிறகு வந்த கலப்பு ரூபாயில் அந்த வரிகளுக்கு நடுவே ஒரு பள்ளக் கோடு சுற்றி ஓடும். கள்ள நாணயக்காரர்களுக்குச் சிரமம் கொடுக்க வைத்த கோடு. இந்தக் காசில் சின்னதாக ஓர் எல் எழுத்தும் இருந்தது. லாகூர் சாலையில் அடித்தது என்று அதற்கு அர்த்தம். 1944-ல் லாகூரில் பிறந்த ரூபாய் பாளையங்கோட்டை ஆச்சி மடிக்கு எந்தெந்தக் கை மாறி வந்ததோ!

நாலு காசையும் வருட வரிசையில் வைத்துப் பாருங்கள். 91.7, 91.7, 50, பூஜ்யம். ஒரு நாட்டின் பணத்தில் இருந்து வெள்ளி விடைபெற்றுப் போன கதை முழுக்க அந்த மஞ்சள் துணிக்குள் இருந்திருக்கிறது. வணிகவியல் வகுப்பில் கிரஷாம் விதி என்று ஒரு வரி எழுதவைத்து இரண்டு மார்க் போடுவார்கள், கெட்ட பணம் நல்ல பணத்தை விரட்டும் என்று. அந்த விதி எங்கே போய் ஒளிந்துகொள்ளும் என்று கேட்டால், ஆச்சிகளின் முடிச்சில்தான்.

கதையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்லலாம். 1893 வரைக்கும் யார் வேண்டுமானாலும் வெள்ளிக் கட்டியைக் கொண்டுபோய் அரசாங்க நாணயச் சாலையில் கொடுத்து ரூபாயாக அடித்து வாங்கிக்கொள்ளலாம். 1870-களில் ஜெர்மனி முதலான நாடுகள் வெள்ளியைக் கைவிட்டுத் தங்கத்துக்கு மாறின. உலகச் சந்தையில் வெள்ளி விலை விழுந்தது, கூடவே ரூபாயும் விழுந்தது. லண்டனுக்குப் பவுனாகக் கட்ட வேண்டிய செலவு ஏறிக்கொண்டே போனதால் 1893-ல் அரசாங்கம் பொதுமக்களுக்குச் சாலைக் கதவைச் சாத்திவிட்டது. அதன் பிறகு ரூபாய்க்குள் இருந்த வெள்ளியின் விலை ஒரு ரூபாயைவிடக் குறைவு. ஆச்சியின் 1900 விக்டோரியா அந்த ரகம். வெள்ளிதான், ஆனால் நோட்டு மாதிரி முகமதிப்பில் ஓடிய வெள்ளி.

முதல் உலகப்போர் வந்ததும் எல்லாம் தலைகீழ். படைகளுக்கும் கொள்முதலுக்கும் இந்தியாவில் ரூபாயாக எண்ணிக் கொடுக்க வேண்டியிருந்தது. வெள்ளி விலை ஏறி, ரூபாயை உருக்கினால் லாபம் என்ற இடத்துக்கு வந்துவிட்டது. 1917-ல் நாணயத்தை உருக்குவதற்கே தடை போட்டார்கள். அதே வருடம் நவம்பரில் முதன்முதலாக ஒரு ரூபாய் நோட்டு வந்தது. அதுவும் போதாமல், 1918-ல் அமெரிக்காவில் பிட்மன் சட்டம் என்று ஒன்றைக் கொண்டுவந்து, அங்கே கஜானாவில் கிடந்த வெள்ளி டாலர்களைச் சுமார் 26 கோடி அளவுக்கு உருக்கி, இந்தியாவின் தேவைக்காக பிரிட்டனுக்கு விற்றார்கள். அந்த 1918-ல் மட்டும் பம்பாயிலும் கல்கத்தாவிலும் சேர்த்து 40 கோடிக்கும் மேல் ரூபாய் அடிக்கப்பட்டது. பையன் பற்பசை போட்டு விளக்கிய அந்தக் காசில் கீழே தாமரைக்கு அடியில் ஒரு சின்னப் புள்ளி இருந்தது. புள்ளி இருந்தால் பம்பாய், இல்லாவிட்டால் கல்கத்தா. அதில் இருக்கும் வெள்ளி ஒரு காலத்தில் அமெரிக்க டாலராக இருந்ததாகக்கூட இருக்கலாம்.

(சென்னைப் புள்ளி எங்கே என்று கேட்பவர்களுக்கு: சென்னைச் சாலையை 1869-லேயே மூடிவிட்டார்கள். ஜார்ஜ் டவுனில் தங்கசாலைத் தெரு என்ற பெயர் மட்டும் மிஞ்சியது.)

இரண்டாம் உலகப்போரில் மறுபடி அதே கதை. ஜனங்கள் வெள்ளி ரூபாயைப் பதுக்கினார்கள். 1940-ல் பாதி வெள்ளி ரூபாய் வந்தது. 1941-ல் தொடங்கி 1943-க்குள் விக்டோரியா, எட்வர்ட், ஜார்ஜ் என்று முழு வெள்ளி ரூபாய்களை ஒவ்வொன்றாகச் செல்லாது என்று அறிவித்துத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். 1947-ல் வந்த நிக்கல் ரூபாயில் வெள்ளி பேருக்குக்கூட இல்லை. ஆகவே இன்று யார் கையில் ஒரு விக்டோரியா ரூபாய் இருந்தாலும், அது அரசாங்கம் கொடு என்று கேட்டபோது யாரோ ஒருவர் கொடுக்காமல் வைத்துக்கொண்ட ரூபாய். ஆச்சியின் அம்மா அப்படி ஒருத்தி. அந்த வளையத் தழும்பு அவள் கழுத்தில் கிடந்த காலத்தது என்று ஆச்சி சொன்னாள். வளையத்தை எடுத்ததும் அவள்தான். ஏதோ ஒரு பஞ்சத்தில் மற்றக் காசுகள் எல்லாம் போய், இது ஒன்று மிஞ்சியதாம்.

இதெல்லாம் தெரிந்த பிறகு நாலையும் உருக்கக் கொடுக்க யாருக்கு மனசு வரும்? ஆனால் காது குத்துக்கு இன்னும் பன்னிரண்டு நாள்தான் இருந்தது.

நாணயம் சேர்க்கலாம் என்று கிளம்புகிற இளைஞர்களுக்கு இந்த இடத்தில் ஒரு பேராசை வரும். பையனுக்கும் வந்தது. போனில் ஒரு வீடியோ, பழைய ரூபாய் இருந்தால் பத்து லட்சம் தருகிறோம் என்று. முதலில் 'பதிவுக் கட்டணம்' கட்டச் சொல்வார்கள், பிறகு 'வரி', பிறகு ஆளைக் காணோம். ரிசர்வ் வங்கி தன் பெயரையும் சின்னத்தையும் போட்டுப் பழைய காசு வாங்குவதாகச் சொல்கிறவர்களிடம் ஏமாற வேண்டாம் என்று 2021-ல் அறிக்கையே விட்டது. நம் ஊரில் இதற்கு அண்ணன் தம்பிகள் நிறைய. அரிசியை இழுக்கிற காசு, 1818 என்று போட்டு ராமர் பட்டாபிஷேகம் பொறித்த 'கம்பெனிக் காசு'. கம்பெனி அப்படி ஒரு காசை அடிக்கவே இல்லை. அவை பிற்காலத்தில் செய்த டோக்கன்கள்.

உண்மையிலேயே அரிய ரூபாய்களும் உண்டு, இல்லாமல் இல்லை. 1911-ல் வந்த ஐந்தாம் ஜார்ஜ் ரூபாயில் ராஜாவின் அங்கியில் இருந்த யானை, பார்ப்பதற்குப் பன்றி மாதிரி இருக்கிறது என்று எதிர்ப்புக் கிளம்பி, அதை நிறுத்திவிட்டு 1912-ல் தும்பிக்கை தெளிவாகத் தெரியும்படி மாற்றி அடித்தார்கள். 1939-ல் அடித்த ஆறாம் ஜார்ஜ் முழு வெள்ளி ரூபாய் இன்னும் அரிது. அரிது என்பதாலேயே அதில் போலியும் அதிகம். முதல் காசாக இதையெல்லாம் தேடிப்போவது, நீச்சல் தெரியாதவன் தாமிரபரணியில் வெள்ளம் வரும் நாளாகப் பார்த்து இறங்குவது போல.

மதுரையில் ஒரு நாணயக் கண்காட்சி நடந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிப் போய், ஒரு பெரியவரின் மேஜையில் நாலையும் வைத்தான். பெரியவர் காசுகளை விளிம்பைப் பிடித்தே எடுத்தார், முகத்தில் விரல் படவில்லை. 1918-ஐப் பார்த்ததும் உச்சுக் கொட்டினார்.

"வெளக்கிட்டீங்களே தம்பி."

விக்டோரியாவைத் திருப்பினார். "பத்து வச்ச காசு. ரெண்டுமே வெள்ளி வெலதான் போகும். லாகூர் காசை வச்சுக்கலாம், ஆனா ரொம்பத் தேஞ்சிருக்கு. புலி அழகா இருக்கு, அதை மட்டும் பத்திரமா வைங்க."

ஆக, நாலிலும் நல்ல நிலையில் இருந்தது வெள்ளியே இல்லாத காசு! பையன் சிரித்துக்கொண்டே கேட்டான், பிறகு எப்படித்தான் சேர்க்கத் தொடங்குவது என்று. ஒரு மேஜையைக் காட்டி, அங்கே கிடக்கிற 1918, 1919 ரூபாய்களில் விளக்காத, ஓட்டை இல்லாத ஒன்றை வெள்ளி விலைக்குக் கொஞ்சம் மேலே கொடுத்து வாங்குங்கள் என்றார். கோடிக்கணக்கில் அடித்த காசு என்பதால் யாரும் அதைப் போலியாகச் செய்து ஏமாற்றச் சிரமப்படுவது குறைவு. கையில் பத்து நல்ல காசு புரண்டால், பதினோராவது கெட்ட காசை விரலே சொல்லிவிடும். சுண்டிப் பார்த்தால் கணீரென்று நீண்டு ஒலிக்கும், ஈயக் கலப்பு சொத்தென்று விழும் என்றும் சொன்னார். (ஆனால் நல்ல காசைக் கல்லில் சுண்டாதீர்கள், விளிம்பு அடிபடும் என்று கையோடு எச்சரிக்கை வேறு.) பச்சையாகக் கசிகிற மட்டமான பிளாஸ்டிக் உறை வேண்டாம், ரப்பர் பேண்டு போட்டுக் கட்டாதீர்கள், கந்தகத்தில் கறுக்கும் என்றார். நூறு வருடம் தாண்டிய காசை அனுமதி இல்லாமல் வெளிநாட்டுக்கு அனுப்பினால் 1972-ஆம் வருடச் சட்டப்படி குற்றம் என்பதையும் சொல்லி வைத்தார்.

ஊருக்குத் திரும்பும் வழியெல்லாம் கணக்குப் போட்டுக்கொண்டு வந்தான். விற்றால் இரண்டுக்கும் ஒரே விலை. அப்படியானால் எதை உருக்குவது? சேர்ப்பவன் புத்தி சொன்னது, தழும்பு விழுந்த விக்டோரியாவைக் கொடு, 1918-ல் கீறல்தானே, வருடக்கணக்கில் விட்டால் மறுபடி கறுக்கும். வீட்டுப் புத்தி வேறு சொன்னது. 40 கோடி அடித்ததில் இன்னொரு 1918 எங்கே போனாலும் கிடைக்கும். ஆச்சியின் அம்மா கழுத்தில் கிடந்த ரூபாய் உலகத்தில் ஒன்றுதான், அதற்கு அடையாளமே அந்தத் தழும்புதான்.

வெள்ளிக் கடை அண்ணாச்சி 1918-ஐ உரைகல்லில் உரசிப் பார்த்துவிட்டு முழு வெள்ளி என்றார். லாகூர் காசை உரசி, "இது அரைக்கு அரை தம்பி" என்று தள்ளி வைத்தார். எடையில் கழிவு போட்டு, கொலுசுக்குச் செய்கூலி, சேதாரம் எல்லாம் ஏற்றி, கடைசியில் பையன் சம்பளத்தில் இருந்து நல்ல தொகை சேர்க்க வேண்டியதாயிற்று. விக்டோரியா மேஜைக்கு வரவே இல்லை. சட்டைப் பையிலேயே இருந்தது.

காது குத்து அன்று பிள்ளை மாமன் மடியில் உட்கார்ந்து ஊரைக் கூட்டி அழுதது. காலில் சலங்கை வைத்த கொலுசு. அமெரிக்க டாலரோ என்னவோ, கொஞ்சம் பம்பாய், கொஞ்சம் லாகூர், எல்லாம் கலந்து கலகலவென்று சத்தம் போட்டது.

இரண்டு மாதம் கழித்து அந்த மதுரைப் பெரியவரிடமே ஒரு 1918 ரூபாய் வாங்கினான். பம்பாய்ப் புள்ளி, விளக்காதது, நீலமும் கறுப்புமாகப் படலம் படிந்தது. கடையில் கழித்துக் கொடுத்த விலையைவிட இதற்குக் கொடுத்தது அதிகம். வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் நடுவே இருக்கிற பள்ளத்தை ஒரே காசில் இரண்டு பக்கமும் நின்று பார்த்துவிட்டான். வீட்டுக்கு வந்து, தாள் உறையில் விக்டோரியா, புதிய 1918, புலி ரூபாய் மூன்றையும் வரிசையாக வைத்து ஆச்சியிடம் காட்டினான்.

ஆச்சி 1918-ஐக் கையில் வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"என்னய்யா இது, இப்படிக் கறுத்துப்போய்க் கெடக்கு? கொண்டா, விபூதி போட்டு வெளக்கித் தாரேன்."